அடியை அளந்தோமில்லை

பருத்தித்துறை என்றதும் உண்பதில் விருப்பமுடையோர்க்கு அவ்வூர்த் தட்டை வடை நினைவுக்கு வரும். கல்வியில் விருப்பமுடையோர்க்கு 1838 ஆம் ஆண்டிலிருந்து வரலாறு பேசும் ஹாட்லிக் கல்லூரி நினைவுக்கு வரும். கடலில் விருப்பமுடையோர்க்கு 1916 ஆம் ஆண்டில் எழுந்த, 32 மீற்றர் உயரமுள்ள வெளிச்சவீடு நினைவுக்கு வரும். எமக்கோ, இனி அவ்வூரின் பெயரைக் கேட்குந்தோறும், ஒரு சாணுக்கும் குறைந்த பனைமட்டைத் துண்டொன்றே நினைவுக்கு வரும். அத்துண்டு எமது வானுக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை வாசகர்க்குச் சொல்ல விரும்புகின்றோம்.

எம்மிடம் பழைய வானொன்று உண்டு. ஜப்பானில் செய்யப்பட்டது, நான்கு சில்லுகளும் இழுக்கும் வகையைச் சேர்ந்தது. எமது அன்னையார் முழங்கால் நோயினால் நெடுநேரம் இருக்கமாட்டார். ஆதலால் பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, தாழ்வான கட்டிலொன்றும், சிறிய அடுப்பும், தண்ணீர்த் தொட்டியும், தட்டுமுட்டுப் பெட்டிகளும் அமைத்து, அவ்வானை உருளும் வீடாக்கிக்கொண்டோம். அன்னையார் படுத்தபடியே ஊர் பார்ப்பார். இரவு வந்தால் வான் நின்ற இடமே எமக்கு மனை.

பலகாலம் உழைத்த அதன் எஞ்சின் ஒருநாள் முற்றாக ஓய்ந்தது. திருத்துவதிலும் மாற்றுவதே மேல் என்றனர் அறிந்தோர். பழையதிலும் பெரிய டீசல் எஞ்சினொன்றை வாங்கி, கொழும்புக்கு அப்பாலுள்ள ஒரு பட்டறையிலே பொருத்துவித்தோம். அதன் வலு எவ்வளவு, எண்ணெய்ச் செலவு எவ்வளவு, உதிரிப்பாகம் கிடைக்குமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டோம். கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றே. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அன்னையார் தும்பளையிலே பிறந்தவர். சிறுமியாயிருந்த காலத்தில், புரட்டாதிப் பூரணையில் வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குத் தந்தையாருடன் மாட்டு வண்டிலிற் சென்றதையும், அதன்பின் மணற்காட்டுக் கரையிலே காலை நனைத்து விளையாடியதையும் அவர் சொல்லாத நாளில்லை. “அந்தக் கடலை ஒருக்கால் பாத்திட்டால் போதும்” என்பார். அந்த ஆசையை நிறைவேற்றவே, அண்ணர், அவர் துணைவியார், மகன், அன்னையார், யாம் என ஐவருமாய் மாசி மாதத்திற் புறப்பட்டோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு வீதி வழியே ஏறக்குறைய 33 கிலோமீற்றர். கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி எனத் தோட்டங்களும் வேலிகளும் மாறிமாறி வர, வல்லை வெளியை அடைந்ததும் கண்ணுக்குத் தடையேதுமின்றி வானும் நீரும் விரிந்தன. அங்கே எதிர்காற்று பலமாய் அடிக்கும். பழைய எஞ்சின் அவ்வெளியிலே மூச்சு வாங்கும். புதியதோ அலட்சியமாக இழுத்துச் சென்றது. அண்ணர் எம்மைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார். அப்புன்னகைக்கு விலை கொடுக்கும் நாழிகை அதிக தூரத்தில் இருக்கவில்லை.

நெல்லியடியையும் மந்திகையையும் கடந்து பருத்தித்துறைக்குட் சென்று, அன்னையாரின் விருப்பப்படி தும்பளைப் பக்கம் திரும்பினோம். அங்கே வீதிக்குக் குறுக்கே நிற்கிறது தெருமூடி மடம். பெயருக்கேற்பத் தெருவையே கூரையால் மூடிய மடம் அது. இருமருங்கும் கற்றூண்களும் திண்ணைகளும், நடுவே வழி. வெயிலிலே வந்த வண்டில்கள் கூரையின் கீழே நிற்க, வந்தவர்கள் திண்ணையிற் சாய்ந்து களைப்பாறினர். வழிப்போக்கருக்கு நிழல் வேண்டுமென்று தெருவுக்கே குடை பிடித்த முன்னோரின் உள்ளத்தை என்னென்பது!

எமது வானின் கூரைமேல் ஒரு பெட்டி கட்டியிருந்தது. அண்ணர் மடத்துக்கு முன்னே வண்டியை நிறுத்தினார். யாம் இறங்கி, பெட்டியின் உச்சியையும் மடத்தின் உத்தரத்தையும் கண்ணால் அளந்து, கைகாட்டி, அங்குலம் அங்குலமாக வண்டியை அப்பால் விட்டோம். தலையில் ஒரு கீறலும் இல்லை. எமது முன்யோசனையை யாமே மெச்சிக்கொண்டோம்.

அதன்பின் வெளிச்சவீட்டுக் கரையிலே சிறிது நின்றோம். இத்துறைக்குப் போர்த்துக்கேயர் இட்ட பெயர் ‘கற்களின் முனை’ என்று பொருள்படும். அப்பெயரே ஆங்கிலேயர் வாயிற் பொயின்ற் பீட்டர், பொயின்ற் பீட்றோ என்றெல்லாம் உருமாறியது. பெயருக்குக் காரணம் கண்முன்னே கிடந்தது. கரையோரத்தில் முருகைக்கல் நீருக்குள்ளே படுத்திருக்க, அலை அதன்மேல் வெண்மையாக உடைந்துகொண்டிருந்தது. நீரின் மேற்பரப்பு எங்கும் ஒன்றுபோலவே தோன்றும். ஆழமோ இடத்துக்கிடம் வேறு. கப்பலோட்டிக்கு வேண்டிய அறிவு மேலே தெரிவதன்று, கீழே மறைந்திருப்பதே. இதனை மகனுக்கு விளக்கிச் சொல்லியவர்களும் யாமே!

பிற்பகலில் தென்கிழக்கு நோக்கிச் சென்றோம். வல்லிபுரக் கோயில் ஆறு கிலோமீற்றர் அளவிலுள்ளது. 1936 ஆம் ஆண்டிலே பொன்னேடு கண்டெடுக்கப்பட்ட பழம்பதி அது. ஆழ்வாரை வணங்கிவிட்டு மணற்காட்டுக்குத் திரும்பினோம். அங்கே நிலத்தின் தோற்றமே மாறிவிடுகிறது. வீடுயர மணற்குன்றுகள், அவற்றின்மேல் சவுக்கு மரங்கள், மணலிற் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள், கடலை நோக்கிச் சிலுவைகள் நிற்கும் சேமக்காலை. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் தேதி ஆழிப்பேரலை ஏறிவந்த கரை இது. அன்னையார் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி பேசாதிருந்தார்.

கடலை அணுகுவதற்குத் தார் வீதியை விட்டு மணற்பாதையொன்றில் இறங்கினோம். வள்ளங்களை இழுக்கும் உழவு இயந்திரங்கள் சென்று சென்று அப்பாதையில் இரு பள்ளங்களை உண்டாக்கியிருந்தன. பள்ளங்களுக்கு நடுவே மணல் முதுகெலும்புபோல மேடாகக் கிடந்தது. “நான்கு சில்லும் இழுக்கும்போது பயமென்ன?” என்று அண்ணர் தைரியமாகச் செலுத்தினார். சிறிது தூரம் சென்றதும், கட்டிலிற் படுத்திருந்த அன்னையார், “தம்பி, அடியிலை என்னவோ தேய்க்குது” என்றார். அது மணற் சத்தம் என்று சொல்லிவிட்டோம். மீண்டும் சொன்னார். “ஒண்டுமில்லை அம்மா” என்றோம். அவர் காது வண்டியின் தரைக்கு ஒரு முழத்துக்குள் இருந்தது. எமது காதுகள் எஞ்சினின் வீரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன.

அடுத்த மேட்டில் வான் நின்றது. நான்கு சில்லும் சுழன்றன, வண்டி நகரவில்லை. பின்னே எடுக்க முயன்றபோது ‘டக்’ என்று ஓர் ஓசை. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணர் உடனே எஞ்சினை நிறுத்தினார். அவர் அன்று செய்த நற்காரியம் அதுவொன்றே. இறங்கிப் பார்த்தால், மணலிற் கறுப்பாக எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது. எஞ்சின் எண்ணெய் தங்கும் கீழ்த்தட்டை, பட்டறைக்காரர் ‘சம்ப்’ என்று சொல்லும் பகுதியை, மணலுக்குள் மறைந்திருந்த கல்லொன்று கீறியிருந்தது. இன்னும் சில நிமிடம் ஓட்டியிருந்தால் எண்ணெயின்றி எஞ்சின் இறுகிப்போயிருக்கும்.

சூரியன் சாயும் நேரம். அன்னையாரால் மணலில் இருபது அடி நடக்கவும் இயலாது. கடல் இருநூறு யார் தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது.

வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். வானைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேரே குனிந்து அடியைப் பார்த்தார்.

“தம்பியவை, எஞ்சினை மாத்தினனீங்களோ?”

“ஓம் ஐயா. எப்படித் தெரியும்?”

“மற்றதெல்லாம் மேலை நிக்குது, இது ஒண்டுதான் கீழை தொங்குது. நாங்கள் வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கேக்கை குதிரைவலுவை மட்டும் கேக்கிறேல்லை. தண்டு நீளமோ கட்டையோ எண்டு முதல் கேப்பம். வள்ளத்துக்குப் பொருந்தாத தண்டெண்டால் கல்லிலை அடிச்சுப்போடும். கல்லுக்கு மேலாலை வரேக்கை எஞ்சினைச் சரிச்சுத் தூக்கிப்போடுவம். உங்கடை எஞ்சினைத் தூக்கேலாதே!”

யாம் கேட்காமல் விட்ட கேள்வியை அம்முதியவர் ஒரே பார்வையிற் கேட்டுவிட்டார். வள்ளத்தின் பின்னே பூட்டும் எஞ்சின்கள் 15 அங்குலத் தண்டோடும் 20 அங்குலத் தண்டோடும் செய்யப்படுகின்றன. வலு ஒன்றாயினும் ஐந்து அங்குலத்தால் வள்ளத்தின் விதி வேறாகும். இது அவருக்குத் தொழிலறிவு. எமக்கோ அன்றுதான் பாடம்.

இனி, நான்கு சில்லும் இழுத்தும் வண்டி ஏன் நகரவில்லை? மாணவ நண்பர்கள் சிந்திக்கவேண்டிய இடம் இது. சில்லுக்கு மண்ணோடுள்ள பிடி, அச்சில்லின்மேல் அழுந்தும் பாரத்தைப் பொறுத்தது. வண்டியின் வயிறு மணல் மேட்டில் உட்கார்ந்ததும் பாரத்தின் பெரும்பகுதியை மேடு தாங்கிக்கொள்கிறது. சில்லுகள் தொங்குகின்றன. தொங்கும் சில்லு நான்கென்ன, நாற்பது இருந்தாலும் மணலைத் தோண்டுமேயன்றி வண்டியைத் தள்ளாது. ஆகவே, அடிக்கும் நிலத்துக்குமுள்ள இடைவெளி போனால் நான்கு சில்லு இழுவையும் உடன் போயிற்று.

முதியவர் கரைக்குக் குரல் கொடுத்தார். இளைஞர் இருவர், பெட்டி பூட்டிய ‘லான்ட் மாஸ்டர்’ ஒன்றைக் கொண்டுவந்தனர். பாயை விரித்து, “ஆச்சி, பயப்பிடாமல் ஏறுங்கோ” என்று அன்னையாரைக் கதிரையோடு தூக்கி அதில் இருத்தினர். வான் கிடந்து உழன்ற அதே பாதையில் அது ஆடி அசைந்து கடலுக்குச் சென்றது. அன்னையார் காலை அலை தொட்டபோது இருள் முற்றாகக் கவியவில்லை. திரும்பி வரும்போது, “ஐயாவின்ரை வண்டிலும் இப்படித்தான். ஒரு நாளும் அடி தட்டினதில்லை” என்றார்.

அவர் சொன்னது உண்மை. மாட்டு வண்டிலின் சில்லு பெரிது. ஆதலால் அச்சு நிலத்தைவிட்டு நன்றாக உயர்ந்து நிற்கும். இந்த மணலிற் போகவேண்டியவர்களுக்காக, இந்த மணலை அறிந்த தச்சர் செய்த வண்டில் அது. எமது எஞ்சினைச் செய்தவர்களோ அதனை வேறு வண்டிக்காகச் செய்தனர். அந்த வண்டியிலே அது குறையில்லாதது. இடம் மாற்றி வைத்த எமக்கே அளக்கும் கடமை இருந்தது.

மறுநாள் உழவு இயந்திரத்தாற் கட்டியிழுத்து, மந்திகைப் பக்கத்துப் பட்டறையொன்றுக்கு வானைக் கொண்டுவந்தோம். அப்பட்டறை முதல்வர் வயது முதிர்ந்தவர். 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது; அந்நாளிலே பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களைத் துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர்களுள் அவரும் ஒருவர். மண்ணெண்ணெய் முழுதும் எரியாது வடிந்து சம்பிலுள்ள எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். “அந்தக் காலத்திலை நாங்கள் காரின்ரை முகத்தைப் பாத்ததிலும் சம்பைப் பாத்ததுதான் கூட” என்று சிரித்தார்.

வானை மட்டமான சீமெந்துத் தரையில் நிறுத்தி அளந்தார். பழைய எஞ்சினோடு மிகத் தாழ்ந்த இடம் நிலத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் என்று வண்டிப் புத்தகம் கூறியது. புதிய சம்பின் அடி 13 சென்ரிமீற்றரில் நின்றது. பின்னர், “எல்லாரும் ஏறுங்கோ, தண்ணியையும் நிரப்புங்கோ” என்றார். ஐவரும் ஏற, தொட்டியும் நிரம்ப, 11 ஆயிற்று! வெறும் வண்டியை அளப்பது பட்டினி கிடப்பவனின் வயிற்றை அளப்பது போன்றது. உருளும் வீட்டை வீட்டோடு அளக்கவேண்டும்.

இதற்குப் பரிகாரம் பலவுண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையுமுண்டு. பெரிய ரயர் பூட்டலாம். ஆயின் ரயரின் குறுக்களவு 4 சென்ரிமீற்றர் கூடினால் வண்டி உயர்வது அதிற் பாதியான 2 மட்டுமே. சில்லு மேற்றகட்டில் உரசவுங் கூடும். அடியில் இரும்புத் தகடு பூட்டலாம். அது சம்பைக் காக்கும், ஆனால் தன் தடிப்பளவுக்கு இடைவெளியைத் தின்னும். எஞ்சினை உயர்த்தலாம், மேலே மூடி இடிக்கும், தண்டுகளின் சரிவும் மாறும். சம்பையே வெட்டிக் குறைக்கலாம், எண்ணெய் குறையும்.

இது எமக்கு மட்டும் நேர்ந்த சங்கடமன்று என்பதையும் பின்னர் அறிந்தோம். ஒஸ்திரியாவிலுள்ள கிராஸ் நகரில் 1985 முதல் 1992 வரை நான்கு சில்லு இழுவையோடு செய்யப்பட்ட வொக்ஸ்வாகன் சின்குரோ வான்கள் உலகெங்கும் பயணிகளின் வீடாக ஓடுகின்றன. அவற்றின் எஞ்சின் பின்புறத்தில் உள்ளது. அதனைக் கழற்றிவிட்டு வலுக்கூடிய சுபாரு எஞ்சினை வைப்போர் பலர். அந்த எஞ்சினின் சம்ப் பழையதிலும் ஆழமாகத் தொங்குவதால், குறுக்கிய சம்ப் செய்து பூட்டுவதும் அங்கே வழக்கமாயிற்று. ஊர் வேறாயினும் கல் ஒன்றே, கீறலும் ஒன்றே.

எமது முதல்வர் இரண்டு வைத்தியங்களைச் சேர்த்துச் செய்தார். சம்பின் ஆழத்தில் 4 சென்ரிமீற்றரை வெட்டினார். அதன் அடி 25 சென்ரிமீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. 25 × 20 × 4 எனப் பெருக்கினால் 2000 கன சென்ரிமீற்றர். அதாவது 2 லீற்றர் எண்ணெய்க்கு இடமில்லாமற் போகும். ஆகவே இருபுறமும், 25 நீளம், 5 அகலம், 8 உயரமுள்ள இரு பைகளைப் பற்றவைத்தார். ஒவ்வொன்றும் 1000, இரண்டும் சேர 2000. ஆழத்தில் இழந்ததை அகலத்தில் மீட்டார். எண்ணெயை உறிஞ்சும் குழாயையும் அதே அளவுக்குக் குறைத்தார். அதை மறந்தால் குழாயின் வாய் அடித்தட்டிலே முட்டி, எண்ணெய் நிறைந்திருந்தும் எஞ்சின் தாகத்தாற் சாகும். ஏற்ற இறக்கத்தில் எண்ணெய் ஒருபக்கம் ஓடாதிருக்க உள்ளே ஒரு தடுப்புத் தகடும் வைத்தார். கடைசியாக எஞ்சினின் இருக்கைகளை 1 சென்ரிமீற்றர் உயர்த்தினார். அதற்குமேல் உயர்த்த மூடி இடங்கொடுக்கவில்லை.

மீண்டும் ஐவரும் ஏறினோம், தொட்டியும் நிரம்பியது. 16 சென்ரிமீற்றர்.

“பழையபடி வராதோ?” என்று அண்ணர் கேட்டார்.

“வராது. இதுதான் இப்ப உங்கடை வண்டி. இதை அறிஞ்சு ஓடுங்கோ” என்றார் முதல்வர். பின் வேலியோரம் கிடந்த பனைமட்டையொன்றை எடுத்து, அளந்து, சரியாக 16 சென்ரிமீற்றரில் அறுத்து மகன் கையிற் கொடுத்தார். “சந்தேகமான இடத்திலை இறங்கி இதை வைச்சுப் பார். மேடு இதிலும் உயரமெண்டால் அப்பாவைத் திருப்பச் சொல்லு.”

ஊர் திரும்புமுன் மணற்காட்டுக்கு மறுமுறையும் சென்றோம். மணற்பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, ரயர்களில் 35 இறாத்தலாக இருந்த காற்றை 20 இறாத்தலுக்குக் குறைத்தோம். ரயர் சற்றுத் தாழ்ந்தாலும் அகலமாகப் பரந்து மணலின்மேல் மிதந்து செல்லும். மகன் முன்னே ஓடி மட்டையை மணல் மேட்டில் ஊன்றி ஊன்றிப் பார்த்தான். முதல் மேடு தாழ்வு, சென்றோம். இரண்டாவதும் அப்படியே. முன்னர் வான் கிடந்த மூன்றாவது மேட்டில் மட்டை முழுதும் மறைந்தது. மகன் கையை உயர்த்தினான்.

அண்ணர் ஒரு கணம் எஞ்சினை உறுமவிட்டார், பின் நிறுத்தினார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்னையார் கட்டிலிலிருந்து, “இதிலையே நிப்பாட்டு. இஞ்சையிருந்து கடல் வடிவாத் தெரியுது” என்றார். கதவைத் திறந்துவிட்டு, அடுப்பை மூட்டித் தேநீர் வைத்தோம். பருத்தித்துறைச் சந்தையில் வாங்கிய வடையை அன்னையார் தேநீரில் நனைத்து நனைத்து உண்டபடி, பொழுது சாயும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மட்டைத் துண்டு இப்போது வானின் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. வருவோர் பலர் எஞ்சினின் வலுவைப் பற்றி விசாரிக்கின்றனர். அதனைச் சொல்லிவிட்டு, மட்டையையும் எடுத்துக் காட்டுகின்றோம். அத்துடன் இன்னொரு பழக்கமும் எமக்கு உண்டாகியிருக்கிறது. பயணத்திலே அன்னையார் “என்னவோ தேய்க்குது” என்றால், எத்தகைய வீதியாயினும் உடனே நிறுத்தி, இறங்கிக் குனிந்து பார்க்கின்றோம்.